தோட்டத்து வீதி யாருடையது?

2018 ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் சிறியதொரு சட்டத்தை நிறைவேற்றியது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைத் திருத்திய அச்சட்டம் 30 ஆம் இலக்கமுடையது. பிரதேச சபைகள் தம் நிதியைக் கொண்டு தோட்டக் குடியிருப்புகளுக்கு வீதி, கிணறு முதலான பொது வசதிகளைச் செய்து கொடுக்கலாம் என்பதே அதன் சாரம். குடியிருப்பு வீதியொன்றின் பள்ளத்தை உள்ளூர்ச் சபை நிரப்புவதற்கு நாட்டின் சட்டமன்றமே கூடி வழிவிட வேண்டியிருந்தது என்றால், மலையகத்தை அறியாதவர்கள் வியப்படைவர். மலையகத்திலே வாழ்வோருக்கு அதில் வியப்பில்லை. அட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் பிரதான வீதியை விட்டுத் தேயிலைக்குள் பிரிந்து செல்லும் பாதையிலே கால் வைத்தவுடன், தாம் வேறோர் ஆட்சியின் எல்லைக்குள் நுழைவதை அவர்கள் அறிவர். அந்தப் பாதை தோட்டத்தின் பாதை. அதன் ஓரத்திலே ஐந்தாறு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மக்களுக்கு அதன்மீது நடக்கும் வழக்கம் உண்டே தவிர, உரிமை இருந்ததில்லை.

உடையவன் பழுதுபார்க்காத வீதியைப் பிறரும் பழுதுபார்க்க முடியாத இந்த நிலை எவ்வாறு தோன்றியது? மழையின்மீதும் மலையின்மீதும் பழி போடுவது எளிது. ஆயின் நாம் காணும் குழிகளுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறியாமல் கொட்டப்படும் கல்லும் தாரும் அடுத்த மாரியோடு ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

படைக்கு வெட்டிய வழி

1815 ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. 1817, 1818 ஆம் ஆண்டுகளில் எழுந்த ஊவாக் கிளர்ச்சியை அவர்கள் பெருங்கொடுமையுடன் அடக்கினர். மலைநாட்டைப் பிடித்தால் போதாது, பிடித்ததைக் கைவிடாமல் வைத்திருக்கப் படையும் பீரங்கியும் விரைந்து ஏறக்கூடிய வழி வேண்டும் என்பது அப்போது அவர்களுக்குத் தெளிவாயிற்று. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்திலே, 1820 களில், கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி வெட்டப்பட்டது. அதை வெட்டியவர்கள் யார்? இராஜகாரியம் என்னும் பழைய ஊழிய முறையை அந்நிய அரசு தனதாக்கிக்கொண்டு, சிங்களக் குடியானவர்களை மண்வெட்டியுடன் மலையேற்றியது. அதே பார்ன்ஸ் கன்னொறுவையிலே கோப்பித் தோட்டம் திறந்தவர். வீதிக்கும் தோட்டத்துக்குமான உறவு அந்த ஒரு மனிதரிடத்திலேயே வெளிப்படையாகத் தெரிகின்றது.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து 1832 ஆம் ஆண்டிலே இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆனால் குடியானவனின் உழைப்பின்மீது அரசு கொண்ட ஆசை ஒழியவில்லை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குச் சொந்தமாக்கிற்று. அந்நிலங்கள் கோப்பித் துரைமாருக்கு மலிவு விலையில் விற்கப்பட்டன. 1848 ஆம் ஆண்டிலே வந்த வீதிச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், இன்றேல் அதற்கு ஈடாகப் பணம் கட்டுதல் வேண்டும் என்றது. துரைமாரின் கோப்பி இறங்குவதற்கு, நிலமிழந்த குடியானவன் உழைப்பையும் இழக்க வேண்டியவனானான். அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குக் காரணமான சுமைகளில் இதுவும் ஒன்று. அக்கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவனான வீர புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே சுட்டுக் கொல்லப்பட்டான்.

அதே காலத்திலே மற்றொரு மக்கள் கூட்டம் மலையை நோக்கி நடந்து கொண்டிருந்தது. வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் தமிழகத்தின் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து விரட்ட, கங்காணியின் பின்னே கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டு போயின. அவர்களுள் ஒரு பகுதியினர் தோட்டங்களுக்குச் செல்லும் முன்னரே அரசாங்கத்தின் வீதி வேலைகளில் அமர்த்தப்பட்டனர். இலங்கையின் வீதிகளை அமைத்தவர் என்று வரலாற்று நூல்கள் மேஜர் தோமஸ் ஸ்கின்னரைப் போற்றுகின்றன. அவருடைய திறமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மலையைப் பிளந்த கைகள் இரண்டு இனத்தாருடையவை. சிங்களக் குடியானவனின் கூலியற்ற உழைப்பும், தமிழ்த் தொழிலாளியின் அரைக்கூலி உழைப்பும் ஒரே வீதியின் அடியிலே கல்லோடு கல்லாகக் கிடக்கின்றன. பின்னாளில் இவ்விரு மக்களையும் ஒருவருக்கொருவர் பகைவராகக் காட்டியவர்கள், இந்த உண்மையை எங்கும் சொல்லியதில்லை.

ஏக்கரை எண்ணிய சட்டம்

1854 ஆம் ஆண்டிலே தோட்டத் துரைமார் கண்டியில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். வீதியும் இருப்புப் பாதையும் தொழிலாளர் வரவும் அவர்களுடைய ஓயாத கோரிக்கைகளாயின. அச்சங்கத்தின் குரலுக்கு அரசு செவி சாய்த்தது. 1861 ஆம் ஆண்டின் வீதிகள் பற்றிய 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாகாண வீதிக் குழுக்களும் மாவட்ட வீதிக் குழுக்களும் நிறுவப்பட்டன. 1867 இல் இரயில் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே அழித்தொழித்தது. இரயில் 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியபோது, அது ஏற்றிச் செல்ல வந்தது தேயிலைப் பெட்டிகளை.

கோப்பிக்கும் தேயிலைக்கும் வீதியைப் பொறுத்தவரை பெரியதொரு வேறுபாடு உண்டு. கோப்பி பருவத்துப் பயிர். பழம் பறித்து உலர்த்திய பின் வண்டி வரும்வரை மூட்டை காத்திருக்கும். தேயிலைக் கொழுந்தோ காத்திருப்பதில்லை. ஆண்டு முழுவதும் பறிக்கப்படும் கொழுந்து அன்றன்றே தொழிற்சாலைக்குச் சென்றாக வேண்டும். குவியலாகத் தேங்கினால் சூடேறிக் கெடும். எனவே மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து இரயில் நிலையத்துக்கும் எந்த மழையிலும் வண்டி ஓடக்கூடிய வழி தேவைப்பட்டது. 1896 ஆம் ஆண்டிலே கிளை வீதிகள் பற்றியும், 1902 ஆம் ஆண்டிலே தோட்ட வீதிகள் பற்றியும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தது இத்தேவையினாலேயே. பயன்பெறும் தோட்டங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் ஏக்கர் அளவுக்கேற்ப வீதிச் செலவின் பங்கை விதித்து, மற்றொரு பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அக்காலத்து வர்த்தமானிகளிலே தோட்டத்தின் பெயர், உடையவரின் பெயர், ஏக்கர், கட்ட வேண்டிய தொகை என்னும் விவரங்கள் நிரல் நிரலாகக் காணப்படும். அந்த நிரல்களிலே ஓரிடத்திலும் அத்தோட்டத்தில் வாழும் மக்களின் தொகை இல்லை.

இதே காலத்தில் இங்கிலாந்திலே நிகழ்ந்ததை ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். அங்கும் நகரங்களிலே தனியாருக்குரிய குடியிருப்பு வீதிகள் சேறும் குழியுமாய்க் கிடந்தன. 1892 ஆம் ஆண்டின் தனியார் தெருச் சட்டம், வீதியை நோக்கி நிலமும் வீடும் உடையவர்களிடம் முன்புற நீளத்துக்கேற்பச் செலவைப் பெற்றுத் தெருவைச் செப்பனிடவும், செப்பனிட்ட தெருவை உள்ளூர்ச் சபை பொதுத் தெருவாக ஏற்றுக்கொள்ளவும் வழி செய்தது. அங்கு வீட்டு வாசலை வைத்து அளந்தார்கள்; இங்கு தேயிலைப் பரப்பை வைத்து அளந்தார்கள். அங்கு தனியார் தெரு பொதுத் தெருவாகும் வாயில் திறந்தது. இங்கு பொதுப் பணம் துரையின் வண்டிப் பாதைக்குச் சென்றது. ஒரே ஏகாதிபத்தியம், ஒரே பத்தாண்டு. அளவுகோல் மட்டுமே வேறு.

மூன்றாவது பாதை

மலையகத்து வீதிகளை நாம் மூவகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, அரசாங்கத்தின் பெருவீதி. இரண்டாவது, அரசும் துரைமாரும் பங்கிட்டு அமைத்த தோட்ட வண்டிப் பாதை. மூன்றாவது, தொழிற்சாலையிலிருந்தும் பங்களாவிலிருந்தும் பிரிந்து, மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் சென்று லயத்து வாசலிலே முடியும் உட்பாதை. முதலிரண்டுக்கும் சட்டத்திலே இடம் உண்டு. மூன்றாவது பாதை தோட்டக் கணக்கேட்டுக்குள் அடங்கியது. லயத்திலிருந்து மலைக்கும் மடுவத்துக்கும் ஆள் நடந்தால் போதும், நடப்பதற்குக் கல் எதற்கு என்பதே கணக்கேட்டின் தர்க்கம். ஆகவே மக்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே செங்குத்தாகக் குறுக்குப் பாதைகளை அமைத்துக்கொண்டனர். அக்குறுக்குப் பாதைகளே இன்றும் பல பிரிவுகளில் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் வழியாக உள்ளன.

இம்மூவகைப் பாதைகளையும் செப்பமாக வைத்திருந்தவர்கள் தொழிலாளரே. பிரட்டுக்களத்திலே பெயர் வாசித்து, சிலரை வீதி வேலைக்கு அனுப்புவர். கல்லுடைத்தல், கான் வெட்டுதல், மதகு கட்டுதல், சரிந்த மண்ணை அள்ளுதல் ஆகியவை சில்லறை வேலையாகக் கணிக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஸ்கொத்லாந்து தேசத்தவரான மக்கடம் வகுத்த முறை அன்று உலகெங்கும் வழங்கியது. உடைத்த சிறு கற்களைப் படை படையாகப் பரப்பி இறுக்கி, நடுவை உயர்த்தி, நீரை இருபுறமும் வடியச் செய்தால், அடிமண் ஈரமின்றி இருக்கும்வரை வீதி பாரத்தைத் தாங்கும் என்பது அதன் கருத்து. வீதியின் முதற்பகை சக்கரமன்று, தேங்கும் நீரே. தென்மேற்குப் பருவமழை மாதக் கணக்காகப் பொழியும் மேற்குச் சரிவுகளிலே, கான் வெட்டும் மண்வெட்டியே வீதியின் உயிர். இந்த அறிவு பொறியியல் நூல் படியாத தொழிலாளியின் கையிலே தலைமுறை தலைமுறையாக இருந்து வந்துள்ளது. வீதியை எவ்வாறு காப்பது என்பதை அறிந்தவன் அவன். எந்த வீதியைக் காப்பது என்று முடிவு செய்யும் அதிகாரமோ அவனிடம் இல்லை.

கதவும் வாக்கும்

தனியார் வீதிக்கு மற்றொரு பயனும் இருந்தது. அது ஒரு வேலி. தொழிலாளரைச் சந்திக்க வந்த தொழிற்சங்கத்தினரைத் தோட்டத்துக்குள் அத்துமீறிப் பிரவேசித்தனர் என்று குற்றம் சாட்டி நீதிமன்றத்துக்கு இழுப்பது துரைமாரின் வழக்கமாயிருந்தது. பாதை பொதுவாயிருந்திருந்தால் அந்தக் குற்றச்சாட்டுக்கு இடமேது? 1970 ஆம் ஆண்டிலே, தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் பிரவேசிக்கும் உரிமை பற்றிய 25 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே அவ்வேலியிலே சட்டபூர்வமான வாயில் திறந்தது. தொழிலாளி வாழும் இடத்துக்கு அவனுடைய சங்கத்தவன் செல்வதற்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அவ்வீதியிலே கல் பரப்புவதற்கு இன்னும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வேறொரு சட்டம் தேவைப்பட்டது.

வீதியின் கதை வாக்கின் கதையோடு பிணைந்தது. 1930 களின் பிற்பகுதியிலே கிராமச் சங்கங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்திலே குடியிருக்கும் தொழிலாளர் கிராமச் சங்க வாக்குரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். தோட்டம் கிராமத்துக்குப் புறம்பானது என்னும் கொள்கை அன்றே உள்ளூராட்சியில் வேரூன்றியது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் தலவாக்கலையின் பிரதிநிதி எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கிற்று. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு பாதியாக்கப்பட்டனர். நாடற்றிருந்த எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இறுதியில் பிரஜாவுரிமை வழங்கிற்று. நாளை இங்கு இருப்போமா என்று அறியாத மக்கள் வீதியைப் பற்றி எந்தச் சபையிலே, எந்த வாக்கைக் கொண்டு கேட்பர்?

உடைமை மாறியது, வீதி மாறவில்லை

1972 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. இடதுசாரிகள் நெடுங்காலம் கோரிய சீர்திருத்தம் அது. நிலம் மக்களுடையதானால் அந்நிலத்தின் வீதியும் மக்களுடையதாக வேண்டும் அன்றோ? அவ்வாறு நடக்கவில்லை. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் ஜனவசமையும் துரையின் நாற்காலியிலே அமர்ந்தன. உட்பாதை கணக்கேட்டிலேயே நின்றது. 1992 இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டு, நிலம் நீண்டகாலக் குத்தகைக்குச் சென்றது. நிலம் அரசினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது, வாழ்வு மட்டும் தொழிலாளருடையது என்றாயிற்று. தேயிலை ஏற்றும் பாதையைக் கம்பனி தன் நலன் கருதியேனும் காக்கும். லயத்து வாசலுக்குச் செல்லும் பாதை இலாபக் கணக்கிலே எந்த நிரலிலும் ஏறாது.

இன்று இலங்கையின் வீதிகள் எழுத்துகளால் வகுக்கப்பட்டுள்ளன. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகை வீதிகள் மாகாண சபைகளின் பொறுப்பு. சிறு வீதிகள் உள்ளூராட்சிச் சபைகளின் பொறுப்பு. அட்டன் வழியே நுவரெலியாவுக்கு ஏறும் ஏ 7 வீதி செப்பமாகவே உள்ளது. அதிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் தோட்டப் பாதையோ எந்த எழுத்திலும் அடங்காதது. நிரந்தரப் பயிர் நிலங்களின்மீது ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டு. தோட்ட மக்கள் அச்சபைக்கு வாக்களித்தும் வந்தனர். ஆயினும் அவர்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் அவர்களுடைய வீதியைத் தொடுவதற்குச் சட்டம் தடையாயிருந்தது. இந்திய வம்சாவளித் தமிழர் பெருந்தொகையினராக வாழும் நுவரெலியா மாவட்டத்திலே இத்தடையின் பொருள் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டிலே நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரண்டு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்னும் புதிய சபைகள் தோன்றின. 33 ஆம் பிரிவின் திருத்தமும் அவ்வாண்டே வந்தது. நெடிய போராட்டத்தின் பயன்களாகிய இவற்றை நாம் சிறுமைப்படுத்துவதற்கில்லை.

செய்யலாம் என்பதும் செய்தல் வேண்டும் என்பதும்

ஆயினும் அச்சட்டத்தின் வினைமுற்றை உற்று நோக்குதல் வேண்டும். சபை செய்யலாம் என்கிறது சட்டம். செய்தல் வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழ் பயிற்றும் எமக்கு இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் தெரியும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை நாற்காலியிலோ கம்பளிக் கட்டிலோ சுமந்து, வண்டி நிற்கும் இடம்வரை நடக்கும் உறவினருக்கும் அத்தூரம் தெரியும். மழைநாளிலே எமது வகுப்பறைகளில் வெறுமையாகக் கிடக்கும் வாங்குகள், வழுக்கும் குறுக்குப் பாதைகளின் கணக்கையே எமக்குக் காட்டுகின்றன. பிள்ளையின் சோம்பல் என்று வரவுப் பதிவேட்டிலே எழுதப்படுவது, பெரும்பாலும் வீதியின் குற்றமாகும்.

தேர்தல் நெருங்கும்போது நூறு முழம் கொங்கிறீற் போட்டுப் பெயர்ப்பலகை நாட்டுவது இக்குற்றத்துக்குப் பரிகாரமாகாது. கானும் மதகும் இல்லாத கொங்கிறீற்றின் அடிமண்ணை இரண்டு மாரி அரித்துவிடும். பலகை நிற்கும், வீதி நில்லாது. அன்றியும், யாருடைய பொறுப்பு என்று எழுதப்படாத வீதியைத் திறந்துவைத்தவர் மறுநாளே மறந்துவிடலாம். ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் செல்லும் பாதையின் நீளமும் நிலையும் சபையின் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். குடியிருப்புக்குச் செல்லும் பாதை வர்த்தமானி மூலம் பொதுவீதியாக அறிவிக்கப்படுதல் வேண்டும். ஆண்டுதோறும் பராமரிப்புக்கெனத் தனிநிதி ஒதுக்கப்பட்டு, முதலிற் கானுக்கும் மதகுக்கும் அது செலவிடப்படுதல் வேண்டும். அந்த வேலையை அறிந்த தொழிலாளருக்கு அதிலே கூலியும் குரலும் இருத்தல் வேண்டும். தோட்டங்களால் சூழப்பட்டு, வெளியேறும் வழிக்குத் தோட்ட நிர்வாகத்தின் தயவை நாடி நிற்கும் அயற் சிங்களக் கிராமத்தவருக்கும் இக்கோரிக்கை சொந்தமானது. அவர்களுடைய முன்னோரும் கூலியின்றிக் கல் சுமந்தவர்களே.

இதில் ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. தத்தம் தோட்டத்தின் பாதைகளை நடந்து அளந்து வரைபடமாக்குவது எந்தப் பாடசாலையிலும் புவியியற் பாடமாக நடத்தக்கூடியதே. எந்தப் பிரிவிலிருந்து வைத்தியசாலை எத்தனை மைல், எந்த மதகு எந்த ஆண்டிலே உடைந்தது, எத்தனை குடும்பங்கள் அதனால் துண்டிக்கப்பட்டன என்ற விவரங்களை முதியோரிடம் கேட்டு மாணவர் எழுதட்டும். 1902 ஆம் ஆண்டின் நிரல்கள் ஏக்கரை எண்ணின. எமது மாணவர் எழுதும் நிரல்கள் மக்களை எண்ணட்டும். அந்த நிரல்களைக் கையில் ஏந்திக்கொண்டு பெற்றோர் பிரதேச சபையின் வாசலிலே நிற்கும்போது, செய்யலாம் என்ற சொல்லைச் செய்தல் வேண்டும் என்று மாற்றுவதற்கான வேலை தொடங்கும்.